வெள்ளை மாளிகையில் ஆள் மாறும்போது சூழல் அமைப்புகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் நவம்பர் தேர்தலுக்கும் ஜனவரி 20 பதவியேற்புக்கும் நடுவே ஏறத்தாழ பதினோரு வாரம் இருக்கிறது. சுற்றுச்சூழல் அமைப்புகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த வாரங்களிலும் அதையடுத்த சில மாதங்களிலும்தான். கோபத்துக்குக் குறைவிருக்காது. நாட்காட்டியைப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

எல்லாப் பாதுகாப்பையும் ஒரே எடையில் வைப்பது முதல் தவறு. அதிபர் ஆணை, அரசு முகமை இயற்றும் விதி, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டம் ஆகிய மூன்றின் உறுதியும் வேறு வேறு. அதிபர் கையெழுத்தால் வந்தது அடுத்த அதிபரின் கையெழுத்தில் போய்விடும். கீஸ்டோன் எக்ஸ்.எல். எண்ணெய்க் குழாய்க்கு டிரம்ப் தந்த அனுமதியை பைடன் 2021-இல் பதவியேற்ற அன்றே ரத்து செய்தார். பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகும் ஆணையை டிரம்ப் 2025-இல் பதவியேற்ற அன்றே பிறப்பித்தார்.

விதியை அப்படிக் கிழித்துப்போட முடியாது. 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, விதியை நீக்குவதற்கும் வரைவு வெளியிட வேண்டும், மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும். கார்களில் காற்றுப்பை அல்லது தானே பூட்டிக்கொள்ளும் இருக்கைப் பட்டை வேண்டும் என்ற விதியை ரீகன் அரசு 1981-இல் கைவிட்டது. அதற்குப் போதிய காரணம் சொல்லவில்லை என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சூழல் வழக்குகளில் இன்றும் அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டப்படுகிறது. எண்ணெய், எரிவாயுத் துறையின் மீத்தேன் கசிவு விதியை இ.பி.ஏ. எனப்படும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 90 நாள் நிறுத்திவைத்தபோதும், அது செல்லாது என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஜூலை 3 அன்று சொல்லிவிட்டது. எனவே “ரத்தாகிவிட்டது” என்று அறிக்கை விடுமுன், ரத்தானது ஆணையா, விதியா, அல்லது வெறும் செய்தியாளர் அறிவிப்பா என்று பாருங்கள். நடைமுறையில் இருக்கும் விதியைச் செத்துவிட்டதாக நீங்களே அறிவித்தால், ஆலைக்காரர் அதை மகிழ்ச்சியோடு நம்புவார்.

போகிற அரசிடம் கடைசி மாதத்தில் விதி வாங்குவது இன்னொரு தவறு. இது பார்க்க வெற்றி போலத் தெரியும். ஆனால் 1996-இல் வந்த காங்கிரஸ் மறுஆய்வுச் சட்டம், பழைய கூட்டத்தொடரின் கடைசி 60 அலுவல் நாட்களில் வந்த விதிகளைப் புதிய காங்கிரஸ் சாதாரணப் பெரும்பான்மையால் நீக்க வழிவிடுகிறது. மேலவையான செனட்டில் பேசிப் பேசி இழுத்தடிக்கவும் முடியாது. அந்த 60 நாள் பெரும்பாலும் தேர்தல் ஆண்டின் மே முதல் ஆகஸ்டுக்குள் எங்கோ தொடங்கிவிடும். இப்படி நீக்கப்பட்ட விதியோடு கணிசமாக ஒத்திருக்கும் இன்னொரு விதியைப் புதிய சட்டம் இல்லாமல் கொண்டுவர முடியாது என்பதுதான் பெரிய அடி. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஓடைகளைக் காக்கும் விதி 2016 டிசம்பரில் அரசிதழில் வந்தது, 2017 பிப்ரவரி 16 அன்று ஒழிந்தது. கோடைக்குள் முடியாத விதியை வரைவாகவே விட்டு, அறிவியல் ஆவணங்களை மட்டும் கோப்பில் ஏற்றச் சொல்வது சில நேரம் புத்திசாலித்தனம்.

அதே 2017-இல், அரசு நிலங்களின் மீத்தேன் விதியை நீக்கும் முயற்சி செனட்டில் 49–51 என்று தோற்றது. ஆளும் குடியரசுக் கட்சியின் மெக்கைன், கிரஹாம், காலின்ஸ் மூவரும் எதிராக வாக்களித்தார்கள். “அந்தக் கட்சியில் யார் கேட்கப்போகிறார்கள்” என்று கதவைத் தட்டாமலே திரும்புகிறவர்கள் இந்த எண்ணிக்கையை நினைவில் வைக்கலாம்.

அதிகம் வீணாகும் உழைப்பு கருத்து மனுக்களில்தான். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால், முகமை அதை ஒரு வாதமாகவே எடுத்துப் பதில் சொல்லும். தூய காற்றுச் சட்டத்தின் 307-ஆம் பிரிவின்படி, கருத்துக் காலத்தில் போதுமான அளவு குறிப்பாக எழுப்பாத ஆட்சேபத்தைப் பிறகு நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது. “மக்கள் நலனுக்கு எதிரானது” என்ற வரி அங்கே உதவாது. அந்த வரைவுக்கு முகமை தந்திருக்கும் கோப்பு எண்ணை முதலில் எழுதுங்கள். வரைவின் எந்தப் பக்கம், எந்தக் கணக்கு, அதில் எந்த அனுமானம் தவறு, சரியான எண் எது, அது எங்கிருந்து வந்தது என்று வரிசையாகப் போங்கள். ஆய்வறிக்கையின் இணைய முகவரியை மட்டும் கொடுக்காமல் முழுக் கோப்பையும் இணையுங்கள், முகவரி மறைந்துபோகலாம். கால நீட்டிப்பை முதல் வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள், கிடைக்காது என்று எண்ணியே வேலையை நடத்துங்கள். இறுதி விதி அரசிதழில் வந்தபின், இச்சட்டத்தின் கீழ் வழக்குப் போட 60 நாள்தான்.

தரவு போனபின் தேடுவதும் வழக்கமான சறுக்கல். இ.பி.ஏ.வின் பருவநிலைப் பக்கங்கள் 2017 ஏப்ரல் இறுதியில் எடுக்கப்பட்டன, எந்த வட்டாரத்தில் மாசுச் சுமை அதிகம் என்று காட்டிய ஈஜே ஸ்கிரீன் வரைபடம் 2025 பிப்ரவரியில் போனது. திரைப்பிடிப்பு போதாது. இணையக் காப்பகங்கள் பக்கத்தைச் சேமிக்கும், ஆனால் ஊடாடும் வரைபடத்துக்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளம் பெரும்பாலும் அதில் சேமிக்கப்படாமல் விடுபட்டுவிடும். மூலத் தரவு, அது தயாரான முறையை விளக்கும் கையேடு, பதிவிறக்கிய தேதி மூன்றையும் சேர்த்து இரண்டு இடங்களில் வையுங்கள். இதைத் தேர்தலுக்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

வரிவிலக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்ளும் 501(சி)(3) அமைப்புகளும், அதாவது வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்புகளும் உண்டு. தேர்தலில் வேட்பாளரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும்தான் முழுத் தடை. விதி வரைவுக்கு முகமையிடம் கருத்துச் சொல்வது வரித்துறைக் கணக்கில் லாபியிங், அதாவது சட்டமன்ற முடிவுகளைத் தம் பக்கம் திருப்பும் முயற்சி, ஆகாது. ஆனால் அமைச்சராக முன்மொழியப்பட்டவரைச் செனட் ஏற்கக் கூடாது என்று உறுப்பினர்களிடம் கோருவது லாபியிங் ஆகும். வரித்துறையின் 5768 படிவத்தைக் கொடுத்தால், அமைப்பின் செலவில் முதல் 5 லட்சம் டாலர் வரை 20 சதவீதத்தை லாபியிங்குக்குச் செலவிடலாம் என்ற தெளிவான வரம்பு கிடைக்கும்.

வாஷிங்டனையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஊர்ப்பக்கம் நழுவுகிறது. பெரிய ஆலைகளின் காற்று மாசு அனுமதியைப் பெரும்பாலும் மாநில அரசுதான் தருகிறது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. அந்த வரைவுக்குக் குறைந்தது 30 நாள் கருத்துக் காலம், அடுத்து இ.பி.ஏ.வுக்கு 45 நாள் ஆய்வு. அது ஆட்சேபிக்காவிட்டால், ஆட்சேபிக்கச் சொல்லி இ.பி.ஏ.விடம் மனுப்போட உங்களுக்கு 60 நாள். ஆனால் அதிலும், முதல் 30 நாளில் மாநிலத்திடம் சொன்னதைத்தான் பொதுவாக எழுப்ப முடியும்.