நீண்ட இடைவெளிக்குப் பிறகு பைக் ஓட்டத் திரும்புவோர் அட்வென்சர் பைக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கல்லூரிக் காலத்தில் ஆர்.எக்ஸ். 100-இலோ ஸ்ப்ளெண்டரிலோ ஊர் சுற்றியவர்கள், வேலை, திருமணம், பிள்ளைகளின் படிப்பு, கார் என்று பதினைந்து இருபது ஆண்டுகள் பைக்கைத் தொடாமலேயே இருந்துவிட்டு, நாற்பதுகளின் நடுவில் அந்தப் பழைய ஆசையோடு மீண்டும் ஷோரூமுக்கு வருகிறார்கள். அவர்களில் பலருடைய கண் நேராக, தார்ச்சாலையிலும் கரடுமுரடான பாதையிலும் நெடுந்தூரம் போவதற்கென்று செய்யப்பட்ட அட்வென்சர் பைக்குகளின் மேல்தான் விழுகிறது. அது நல்ல தேர்வுதான். நிமிர்ந்து உட்காரும் வசதி, அகலமான ஹேண்டில்பார், நம் சாலைகளின் பள்ளமேடுகளைத் தாங்கிக்கொள்ளும் நீண்ட சஸ்பென்ஷன் ஆகியவை முதுகும் மணிக்கட்டும் பழையபடி இல்லாத வயதுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் இந்த வகை பைக்கில் உயரமும் எடையும் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. நெடுநாள் ஓட்டாதவர் பைக்கைக் கீழே போடும் இடங்கள் பெரும்பாலும் சிக்னல், பெட்ரோல் பங்க், வீட்டு வாசல் சரிவு, குறுகிய சாலையில் எடுக்கும் யூ-டர்ன் ஆகியவையே. ஆகவே நிற்கும்போதும் நடை வேகத்தில் நகரும்போதும் உங்கள் உடலால் சமாளிக்க முடிகிற பைக் எது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். எஞ்சின் திறன் அதற்கு அடுத்துத்தான் வரும்.

பைக்கைப் பார்க்கப் போகும் முன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் இருபது வயதில் எடுத்த உரிமம் இருபது ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், பலருக்கு அது தெரியாமலேயே காலாவதியாகியிருக்கும். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மருத்துவச் சான்றும் தர வேண்டும். செல்லாத உரிமத்தோடு விபத்தில் சிக்கினால் காப்பீட்டுத் தொகையும் கைக்கு வராமல் போகலாம்.

இனி எடைக்கு வருவோம். அந்தக் காலத்து ஆர்.எக்ஸ். 100 சுமார் நூறு கிலோதான் இருந்தது. இன்றைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பெட்ரோலோடு சேர்த்து 196 கிலோ. ஏறத்தாழ இரண்டு மடங்கு. டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 சுமார் 180 கிலோவும், சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். 167 கிலோவும், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ஏறத்தாழ 160 கிலோவும் வருகின்றன. இவை வெறும் பைக்கின் எடைகள் என்பதை மறக்கக் கூடாது. கிராஷ் கார்டு, பின்பக்கப் பெட்டிகள், அவற்றைத் தாங்கும் கம்பிகள் என்று மாட்ட மாட்ட, சாமான் வைக்கும் முன்பே பத்துக் கிலோவுக்கு மேல் ஏறிவிடும். அந்த எடையும் பெரும்பாலும் இருக்கை உயரத்தில்தான் உட்காரும். ஓடும்போது 160 கிலோவுக்கும் 196 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சொல்லப் போனால் நெடுஞ்சாலையில் பக்கக் காற்று வீசும்போது கனமான பைக்கே நிதானமாக நிற்கும். மண் கலந்த வாகன நிறுத்தத்தில் பின்னோக்கித் தள்ளும்போதுதான் அந்த முப்பத்தாறு கிலோவின் கனம் முழுதாகப் புரியும்.

இருக்கை உயரத்தைப் பொறுத்தவரை, மேலே சொன்ன அட்வென்சர் பைக்குகள் எல்லாமே 825 முதல் 835 மில்லிமீட்டர் வரை இருக்கின்றன. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள ஒருவருக்கு இவற்றில் எதிலும் இரு பாதங்களும் முழுதாகத் தரையில் பதியாது. ஒரே பெயரில் வரும் வேறுபட்ட வகைகளையும் கவனியுங்கள்: எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் புரோ வகையில் இருக்கை 891 மில்லிமீட்டர் உயரம். 2020-இல் வந்த கே.டி.எம். 390 அட்வென்சருக்கு 855 மில்லிமீட்டர். மாறாக, பழைய ஹிமாலயன் 411-இன் இருக்கை 800 மில்லிமீட்டர்தான்; உயரம் குறைந்தவர்கள் இன்றும் பழைய வண்டிச் சந்தையில் அதைத் தேடிப் போவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இருக்கை அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து கால் எட்டாமல் போகும். முன்பக்கம் ஒடுங்கி இருந்தால் அதே உயரத்தில் கால் எளிதாக எட்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் கணக்கில் சேரும்.

ஷோரூமில் சைடு ஸ்டாண்டில் நிற்கும் பைக்கின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வது போதாது. வீட்டில் அணியும் செருப்போடு போகாமல், ஓட்டும்போது அணியப்போகும் காலணியோடு போங்கள். பைக்கைச் சமதளத்தில் நிறுத்தி, இறங்கி, இடப்பக்கம் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பத்தடி முன்னோக்கியும் பத்தடி பின்னோக்கியும் தள்ளிப் பாருங்கள். பிறகு ஏறி உட்கார்ந்து, இடக்காலை மட்டும் ஊன்றி, பைக்கை மெல்ல இடப்பக்கம் சாயுங்கள். ஓர் அளவு வரை அது இடுப்பின் மேல் இலகுவாகச் சாய்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு விரற்கடை சாய்ந்தாலும் முழு எடையும் திடீரென்று காலில் இறங்கும். அந்த எல்லை எங்கே இருக்கிறது, அதைத் தாண்டிய பிறகும் உங்களால் திரும்ப நிமிர்த்த முடிகிறதா என்பதை நிதானமாகக் கண்டறியுங்கள். ஷோரூம் ஊழியரை மறுபக்கம் நிற்கச் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. இப்படிக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் நம் மலைப்பாதைகள். கொல்லிமலைக்கு ஏறும் வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முதல் கியரில் ஏறும்போது எதிரே ஒரு பேருந்து வந்து, வளைவின் நடுவில் நிற்க நேர்ந்தால், வளைவின் உட்பக்கம் தரை சரிந்து தாழ்ந்திருக்கும். சமதளத்தில் நுனிக்காலால் எட்டிய தரை அங்கே எட்டாது. கால் காற்றில் தேடும்போதே பைக் சாய்ந்துவிடும். ஆகவே ஷோரூமில் உங்கள் கால் எவ்வளவு எட்டுகிறதோ, அதிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் குறைத்துக்கொண்டே மதிப்பிட வேண்டும். ஒரு காலாவது பாதத்தின் முன்பாதி வரை உறுதியாகப் பதியாத பைக்கை, திரும்பி வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பைக்கின் உயரத்தையே குறைக்கும் லோயரிங் கிட் பொருத்தி இறக்கிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். அப்படிச் செய்தால் பைக்கின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியான கிரவுண்ட் கிளியரன்ஸும் குறையும். சைடு ஸ்டாண்டின் நீளத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். தாழ்வான இருக்கையை மட்டும் மாற்றிக்கொள்வது அதைவிட மேல்.

கவனமாக இருந்தாலும் என்றாவது ஒருநாள் பைக் விழத்தான் செய்யும். அட்வென்சர் பைக்கில் அது இயல்பு. எனவே தனியாகத் தூக்க முடிகிற பைக்கா என்பதும் தேர்வின் ஒரு பகுதியாகிறது. தூக்கும் முறை இது: முதலில் எஞ்சினை அணைத்து, பைக் உருண்டுவிடாதபடி கியரில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும். ஹேண்டில்பாரை விழுந்த பக்கமாக முழுதும் திருப்பி, இருக்கையின் மேல் பின்புறத்தை வைத்துக் குந்தி, ஒரு கையால் கீழே கிடக்கும் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பற்றி, முதுகை நேராக வைத்து, சிறுசிறு அடிகளாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். எடையைத் தூக்குவது தொடைகளாக இருக்க வேண்டும். முதுகை வளைத்துத் தூக்கினால் அடுத்த ஒரு மாதம் வைத்தியமே பார்க்க வேண்டியிருக்கும். வாங்க நினைக்கும் பைக்கை வைத்திருக்கும் நண்பர் யாராவது சம்மதித்தால், புல்தரையில் மெத்தை விரித்துப் படுக்க வைத்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்குள் வார இறுதிப் பயணம், எப்போதாவது கேரளம், கர்நாடகம் என்றால் 200 முதல் 300 சி.சி. தாராளமாகப் போதும். பின்னால் ஒருவரை உட்கார வைத்து நான்குவழிச் சாலையில் நாள் முழுதும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவதுதான் நோக்கம் என்றால், ஹிமாலயன் 450 தருவது போன்ற 40 பி.எஸ். (குதிரைத்திறன்) உதவும். விலையிலும் ஒரு கோடு இருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். இந்த வேறுபாட்டில் மிச்சமாகும் பணத்தில் தரமான ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் எல்லாமே வாங்கிவிடலாம். பரணில் கிடக்கும் பழைய ஹெல்மெட்டைத் துடைத்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் உட்புறத் தெர்மாகோல் இத்தனை ஆண்டுகளில் தரம் இழந்திருக்கும்.

சக்கரங்களை எவரும் போதிய அளவு கவனிப்பதில்லை. டியூப் உள்ள ஸ்போக்ஸ் சக்கரத்தில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஆளில்லாத சாலையில் அது பெரும்பாடு. டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக் கொண்டு கிளம்பிவிடலாம். கரடுமுரடான பாதைகளில் 21 அங்குல முன்சக்கரமும் ஸ்போக்ஸும் சிறந்தவை என்பது உண்மை. ஆனால் பயணத்தில் பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலையில் போகிறவருக்கு வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். போன்றவற்றில் வரும் 19 அங்குல அலாய் முன்சக்கரமும் டியூப்லெஸ் டயருமே பொருத்தம்.

நீங்கள் விட்ட காலத்திலிருந்து பைக்குகள் எவ்வளவோ மாறிவிட்டன. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய பைக்குகளிலும் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். டிரம் பிரேக் காலத்தில் சறுக்கிவிடுமோ என்று விட்டுவிட்டு அழுத்திய பழக்கம் இப்போது நிறுத்தும் தூரத்தைத்தான் கூட்டும். நேராகப் போகையில் அவசரமாக நிறுத்த, முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து, பிரேக்கில் உணரும் துடிப்பைப் பொருட்படுத்தாமல் பிடித்தபடியே இருக்க வேண்டும். பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வுக்குத் திருப்பும் குழாய் கிடையாது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பங்கைத் தேட வேண்டியதுதான். பழைய புல்லட்டில் பழகியவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதில் வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இப்போது அத்தனையும் தலைகீழ். அவசரத்தில் இடக்கால் பிரேக்கைத் தேடிப் போய்க் கியரை மிதிக்கும். எனவே புல்லட்காரர்கள் புதிய பைக் வாங்கும் முன் வீட்டில் யாருடைய சாதாரண பைக்கையாவது ஒரு மாதம் ஓட்டிக் கால்களைப் பழக்கிவிட்டே டெஸ்ட் ரைடுக்குப் போக வேண்டும்.

டெஸ்ட் ரைடில் ஷோரூம்காரர் காட்டும் நேர்ச்சாலையில் வேகம் பார்ப்பதால் பயனில்லை. கூட்டமான சாலையில் இரண்டாம் கியரில் ஊர்ந்து பாருங்கள். எஞ்சின் திணறுகிறதா, சூடு தொடையில் அடிக்கிறதா என்பது தெரியும். காலி இடத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே திருப்பி வைத்து, கிளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை இலேசாக மிதித்தபடி ஒரு முழு யூ-டர்ன் எடுங்கள். நின்றுகொண்டு ஓட்டிப் பார்த்து, ஹேண்டில்பாரை எட்டக் குனிய வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். மனைவியோ கணவரோ உடன் வரப்போகிறார் என்றால் அவரையும் அழைத்துப் போய் ஏற்றி இறக்குங்கள். உயரமான பின்னிருக்கையில் ஏறுவதே பலருக்குச் சிரமம்.

பழைய வண்டி வாங்குபவர்கள், எஞ்சினைக் காப்பாற்றும் கீழ்த்தகட்டை முதலில் குனிந்து பார்க்க வேண்டும். அதில் ஆழமான நசுங்கல் இருந்தால் வண்டி கடுமையாக ஓட்டப்பட்டிருக்கிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புகையில் நடுவில் சிக்கினால், ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ரிம்மில் வளைவு, செயின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கூர்மையாகித் தேய்ந்திருப்பது ஆகியவற்றைப் பேரம் பேசும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கடைசியாக, சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நாகர்கோவிலிலோ தர்மபுரியிலோ இருப்பவர், ஒரு கிளட்ச் கேபிளுக்காகச் சென்னைக்கு வர வேண்டியிருக்கும் பைக்கை வாங்கினால் ஆசை சீக்கிரமே சலித்துவிடும். முன்பணம் கட்டும் முன் அந்த சர்வீஸ் சென்டருக்கே நேரில் போய், அங்கே வண்டி விட்டுக் காத்திருப்பவர்களிடம் உதிரிபாகம் எத்தனை நாளில் வருகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.