கோலுக்கு நூறு ரூபாய்

போன ஞாயிறு காரைக்குடியில் ஒரு செம்மண் பொட்டலில் பன்னிரண்டு வயசுப் பசங்களுக்கு ஃபுட்பால் மேட்ச். புதிதாகக் கோச்சாக வந்த தம்பி ஒருவர் லைனில் நின்றுகொண்டு, "கோல் போட்டா நூறு ரூவாடா!" என்று கத்தினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் பத்து வருஷத்துக்கு முன் இதையே கத்தியவன் நான். லேஸ் கட்டாமல் வருவது, தண்ணீர் பாட்டிலை மறப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும், விடுங்கள். தானாகச் சரியாகாதவை இவை.

கோலுக்குக் காசு

பக்கத்து ஊர் டீமோடு ஃபைனல், 1-1, கடைசி ரெண்டு நிமிஷம். எங்கள் ஃபார்வர்டு பந்தோடு தனியாகப் போகிறான், எதிரில் கீப்பர் மட்டும். இடது பக்கம், பந்துக்குச் சற்றுப் பின்னால் (தட்டினால் ஆஃப்சைடு விதிப்படி செல்லாது என்ற பேச்சுக்கே இடமில்லை) கூடவே ஓடிவந்தவன் "தட்டுடா, தட்டுடா" என்று தொண்டை கிழியக் கத்துகிறான். இவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தானே அடித்தான். கீப்பர் முழங்காலில் பட்டுத் திரும்பிய பந்தை அவர்கள் அப்படியே கொண்டுபோய் எங்களுக்குக் கோல் போட்டார்கள்.

பையனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் போட்ட கணக்கைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. அடுத்த வாரம் டிஃபென்ஸ் ஆடுகிற பையன் வந்து, கிண்டலே இல்லாமல், "சார், கோல் விழாம தடுத்தா எவ்வளவு?" என்றான். கீப்பர் தானும் ஃபார்வர்டு ஆட வேண்டும் என்றான்.

சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டைப் பிடித்தவனுக்குப் பெருமை, சரி. இங்கே பந்தைத் தட்டிவிட்டவனை யார் பார்க்கிறார்கள்? இப்போதெல்லாம் ஊர்ப் பெரியவர் யாராவது மடியிலிருந்து நோட்டை எடுத்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறேன். "அய்யா, சின்னப் பசங்க ஆடுற நாலாம் நம்பர் சைஸ் பந்து ரெண்டு வாங்கிக் கொடுங்க." கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

வம்புக்கு வம்பு

2006 உலகக் கோப்பை ஃபைனல், 110-வது நிமிஷம். பிரான்ஸ் கேப்டன் ஜிடான், வம்புக்கு இழுத்த இத்தாலி வீரர் மடெராசியின் நெஞ்சில் தலையால் முட்டி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பெனால்டி ஷூட் அவுட்டில் பிரான்ஸ் 5-3 என்று தோற்றது, அடிக்க அவர் இல்லை. அக்காவை இழுத்துப் பேசிட்டான் என்று எதிராளி சட்டையைப் பிடிக்கிற பசங்களுக்கு இதைப் போட்டுக் காட்டுவேன். "ஆனாலும் செம முட்டு சார்" என்கிறார்கள்.

ஜெர்சியைக் கழற்றிக் கொண்டாடுவது

மஞ்சள் அட்டை. எவ்வளவு வெயிலானாலும்.

பத்தாம் நம்பர் ஜெர்சி யாருக்கு

சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

மேட்ச் முடிந்ததும் அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். 4-0 என்று ஜெயித்திருந்தார்கள். நானூறு ரூபாயும் ஒரே பையன் கையில். அவன் எண்ணிக்கொண்டிருக்க, மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.