செயின்ட் ஆண்ட்ரூஸ்ல போட்டோ எடுக்கப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஸ்காட்லாந்தோட கிழக்குக் கடற்கரைல இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ்னா எல்லாருக்கும் கோல்ஃப்தான் ஞாபகம் வரும், ஆனா கேமரா தூக்கிட்டுப் போறவங்களுக்கு அங்க பெரிய சொத்தே அந்த மணற்கல் கட்டடங்களும் அதுமேல விழற வெயிலும்தான். நான் முதல்ல போனது டிசம்பர்ல. காலைல நிதானமா பத்து மணிக்கு மேல கிளம்பி, கதீட்ரல், கோட்டை, அப்புறம் தெருக்கள்னு லிஸ்ட் போட்டு ஒவ்வொண்ணா எடுத்துட்டே போனேன், சவுத் ஸ்ட்ரீட்டுக்கு வந்து சேர்றப்ப மணி மூணு, தெருவுல வெளிச்சமே இல்ல. கட்டடத்தை வச்சு பிளான் போட்டதுதான் நான் பண்ண பெரிய தப்பு, சூரியனை வச்சுப் போட்டிருக்கணும்.

அந்த ஊரு 56 டிகிரி வடக்குல இருக்கு. டிசம்பர் கடைசில உச்சிவேளைலயே சூரியன் அடிவானத்துக்கு மேல சுமார் 10 டிகிரிதான் ஏறும், அப்ப 10 மீட்டர் உயர வீட்டோட நிழல் 50 மீட்டரைத் தாண்டிப் போகும், அதனால தெருவுல நின்னு எடுத்தா கூரையும் புகைபோக்கியும் மட்டும் பளிச்சுனு இருக்கும், கீழ கதவு ஜன்னல் எல்லாம் கருப்படிச்சுப் போயிடும். மூணரை மணிவாக்குல சூரியனே இறங்கிடும். ஜூன்ல அப்படியே தலைகீழ், காலைல நாலரைக்கெல்லாம் சூரியன் வந்துடும், ராத்திரி பத்து வரைக்கும் வெளிச்சம் இருக்கும். நார்த் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சவுத் ஸ்ட்ரீட் மூணுமே கிட்டத்தட்ட மேற்கு கிழக்கா ஓடுது, அப்ப வடக்குப் பார்த்த வீட்டு முகப்புல குளிர்காலம் பூரா வெயிலே படாது, கோடைல விடியக்காலையும் சாயங்காலம் ரொம்ப லேட்டாவும் மட்டும் வடகிழக்கு வடமேற்குலேர்ந்து சாய்வா வந்து விழும். அந்த நேரத்துல கார் நடமாட்டமும் குறைவு. அதை விட்டுட்டு மத்தியானம் போய் நின்னீங்கன்னா பார்க் பண்ண வண்டிங்களைத்தான் எடுத்துட்டு வருவீங்க.

கதீட்ரலும் அப்படித்தான். 1318ல ராஜா ராபர்ட் த புரூஸ் முன்னால புனிதப்படுத்தின கோயில் அது, ஸ்காட்லாந்துலயே பெரிய சர்ச்சா இருந்தது, இப்ப மிச்சம் இருக்கிறது ஒரு பக்கச் சுவரும் ரெண்டு முனையும்தான். கிழக்கு முனைல ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல காலியா நிக்கிற ஜன்னல் இருக்கு பாருங்க, அதை உள்ள நின்னு காலைல எடுத்தா நிழலுருவம் மட்டும்தான் கிடைக்கும், கல்லோட நிறம் வேணும்னா மத்தியானத்துக்கு மேல போங்க. நிழலுருவம்தான் வேணும்னா மார்ச் செப்டம்பர்ல விடியக்காலை போங்க, அப்ப சூரியன் நேர் கிழக்குல உதிக்கும்.

பக்கத்துலயே செயின்ட் ரூல்ஸ் டவர், 33 மீட்டர். அடில நின்னுக்கிட்டு வைடு லென்ஸை அண்ணாந்து தூக்கினா கோபுரம் பின்னால சாயற மாதிரி வரும், சாஃப்ட்வேர்ல நிமித்தினா ஓரங்கள் நிறைய குரோப்ல போயிடும். கல்லறைங்களுக்கு நடுவுல எவ்வளவு பின்னால போக முடியுமோ போங்க, கேமராவை நெடுக்கா, சாய்க்காம மட்டமா வச்சு எடுங்க, கீழ வர்ற தேவையில்லாத தரையை அப்புறம் வெட்டிக்கலாம்.

கடல்லேர்ந்து ஹார்னு ஒரு மூடுபனி வரும், வந்ததும் நிறைய பேர் பையை மூடிட்டு காபி கடைக்குப் போயிடறாங்க, எனக்கு அதைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா சந்துகளை எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. லௌடன்ஸ் குளோஸ் மாதிரி ஒடுக்கமான சந்துல வெள்ளை வானத்தை ஃப்ரேமுக்கு வெளிய தள்ளிட்டு, ஈரமான தரைக் கல்லையும் படிப்படியா ஏறுற சுவர் முனையையும் மட்டும் எடுங்க. நிறத்தைக் கேமராவே சரிபண்ற ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பாதீங்க, மணற்கல்லோட தேன் நிறத்தை சாம்பலாக்கிடும், டேலைட்ல வச்சு ரா ஃபைலா எடுத்துக்கங்க. கோட்டைப் பக்கம் போனா கடல் சாரல் லென்ஸ்ல படியும், துணி கைலயே இருக்கட்டும்.

அவசரப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 1840கள்ல காகித நெகட்டிவ்ல படம் எடுக்கிற கேலோடைப் முறை வேர் பிடிச்ச ஊர்கள்ல இதுவும் ஒண்ணு. அந்த முறையைக் கண்டுபிடிச்ச டால்பாட்டோட காப்புரிமை ஸ்காட்லாந்துக்குச் செல்லாததால டாக்டர் ஜான் ஆடம்சன் இங்க சுதந்திரமா செஞ்சு பார்த்தார், தம்பி ராபர்ட்டுக்கும் சொல்லிக் கொடுத்தார். வெயில் வர்ற வரைக்கும் காத்திருந்துதான் அவங்க இந்தத் தெருவை எடுத்தாங்க.

கடைசியா, சவுத் ஸ்ட்ரீட்ல பிளாக்ஃப்ரையர்ஸ் சேப்பலோட இடிஞ்ச பாகம் ஒண்ணு நிக்குது. எல்லாரும் அதை மட்டும் இறுக்கமா குரோப் பண்ணி, பின்னால இருக்கிற பெரிய கட்டடத்தை வெட்டிடறாங்க. அந்தக் கட்டடம் பேரு மெட்ராஸ் காலேஜ்! இதே ஊர்ல பொறந்த ஆண்ட்ரூ பெல் நம்ம எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல, பெரிய பசங்க சின்னப் பசங்களுக்குச் சொல்லித் தர்ற முறையை நடத்தினார், அந்த மெட்ராஸ் முறையோட பேர்லதான் அவர் பணத்துல இந்தப் பள்ளி 1830கள்ல வந்தது. பள்ளி இப்ப வேற இடத்துக்குப் போயிடுச்சு, கட்டடம் அங்கயேதான் இருக்கு. எதிர்ப்பக்க நடைபாதைல நின்னு, சேப்பல் முன்னால, பள்ளிக்கூடம் பின்னால, ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல வர்ற மாதிரி எடுங்க.