பழைய ஸ்ப்ளெண்டருக்கு டேக் பூட்டு: சாவியோடும் போடலாம், சாவி இல்லாமலும் போடலாம்

ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரியான வண்டிகளில் இருபது வருடம் ஓடிய சாவி லாக் பெயருக்குத்தான் பூட்டு. உள்ளே இருக்கும் சின்னத் தகடுகள் தேய்ந்திருக்கும். சாவியின் பல்லும் மழுங்கியிருக்கும். அதே கம்பெனியின் வேறொரு சாவியைப் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினால் திறந்துகொள்ளும். ஓடும்போது சாவி தானாகக் கழன்று விழுவதும் இந்தத் தேய்மானத்தால்தான். சாவியை இஞ்சின் ஓடும்போதே வெளியே உருவ முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், மற்ற எதையும் வாங்குவதற்கு முன் லாக் செட் மாற்றிவிடுங்கள். இக்னிஷன், பெட்ரோல் டேங்க் மூடி, சைடு பாக்ஸ், ஹேண்டில் லாக் எல்லாம் ஒரே சாவியில் வரும் செட்டாக வாங்குவது நல்லது.

அதற்குப் பிறகுதான் எலக்ட்ரானிக் பூட்டு, அதாவது ஆர்எஃப்ஐடி டேக் என்ற சின்ன வில்லையை அருகே காட்டினால் திறக்கும் பூட்டு. கடைகளில் “சாவியில்லா ஸ்டார்ட் கிட்” என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வசதிக்கானவை. அந்தப் பெட்டியை வண்டியின் எந்த ஒயரில், எந்த இடத்தில் சேர்க்கிறீர்கள் என்பதில்தான் திருட்டுப் பாதுகாப்பு இருக்கிறது.

முதலில் இக்னிஷன் எந்த வகை என்று பாருங்கள்

சிடிஐ என்பது ஸ்பார்க்கை உண்டாக்கும் எலக்ட்ரானிக் பெட்டி. ஸ்ப்ளெண்டர் போன்ற ஏசி சிடிஐ வண்டியில் ஸ்பார்க்குக்கான கரண்ட் மேக்னெட்டிலிருந்து நேராக வருகிறது. பேட்டரிக்கு அதில் வேலை இல்லை. பேட்டரி செத்த வண்டியும் கிக்கரில் ஸ்டார்ட் ஆவது இதனால்தான். இந்த வண்டியில் சாவியை ஆஃப் செய்தால் கரண்ட் துண்டிக்கப்படுவதில்லை. சிடிஐயிலிருந்து வரும் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர், சாவி சுவிட்சுக்குள் எர்த்தோடு சேர்க்கப்படுகிறது. ஸ்பார்க் எர்த்துக்குப் போய்விடுவதால் இஞ்சின் நிற்கிறது. ஆக, அந்த ஒயர் எர்த்தைத் தொடாதவரை இஞ்சினைக் கிக்கரில் எழுப்பிவிடலாம். பழைய வண்டியின் பலவீனம் முழுக்க இங்கேதான்.

மல்டிமீட்டரை பீப் வரும் நிலையில் வையுங்கள். சாவி சுவிட்சின் கப்ளரை (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்) கழற்றி, சுவிட்ச் பக்கத்தில் கறுப்பு-வெள்ளை ஒயருக்கும் பச்சை ஒயருக்கும் இடையே முனைகளை வையுங்கள். சாவி ஆஃபில் பீப் வந்து, ஆனில் நின்றால் ஏசி சிடிஐ. ஹோண்டா வகையில் பச்சை எர்த், சிவப்பு பேட்டரி பாசிட்டிவ், கறுப்பு சாவிக்குப் பின் வரும் பாசிட்டிவ். யமஹாவில் எர்த் கறுப்பு, சாவிக்குப் பின் வருவது பிரவுன். பழைய வண்டியில் யாராவது ஒயரிங் கிட்டையே மாற்றியிருக்கலாம். நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பாயிண்ட் செட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் கான்டாக்ட்) உள்ள பழைய புல்லட், டிசி சிடிஐ வண்டிகள் ஆகியவற்றில் கதை வேறு. அங்கே பேட்டரியின் 12 வோல்ட் வந்தால்தான் ஸ்பார்க். அதைக் கடைசியில் பார்ப்போம்.

சாவியை வைத்துக்கொண்டே இரண்டாவது பூட்டு

ஸ்ப்ளெண்டருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். சாவி அப்படியே இருக்கும். சாவியை ஆன் செய்தபின் ஒரு டேக்கைக் காட்டினால்தான் ஸ்பார்க் வரும்.

வாங்க வேண்டியவை: ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) அவுட்புட் உள்ள 12 வோல்ட் ஆர்எஃப்ஐடி போர்டு ஒன்று (125 கிலோஹெர்ட்ஸ், மூன்று டேக்குகளோடு), 250 வோல்ட் ஏசி தாங்கும் கான்டாக்ட் உள்ள சீல் செய்த 12 வோல்ட் ரிலே, 2 ஆம்பியர் ஃபியூஸும் ஹோல்டரும், 1என்4007 டயோடு இரண்டு, 4700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், 0.75 சதுர மில்லிமீட்டர் கறுப்பு ஒயர் மூன்று மீட்டர், கிரிம்ப் டெர்மினல்கள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்.

ரிலேயின் கான்டாக்ட் ஏன் 250 வோல்ட் தாங்க வேண்டும்? ஏசி சிடிஐயின் அந்தக் கறுப்பு-வெள்ளை ஒயரில் இஞ்சின் ஓடும்போது நூறு வோல்ட்டுக்கு மேலும் ஏறும். அதை நேராக எலக்ட்ரானிக் போர்டின் காலில் கொடுத்தால் போர்டு அந்த நிமிடமே போய்விடும். டிரான்சிஸ்டர் அவுட்புட் உள்ள மலிவு கிட்டுகள் ஸ்ப்ளெண்டரில் ஒரு கிக்கில் எரிவது இதனால்தான். அதேபோல அந்த ஒயரில் பேட்டரி பாசிட்டிவை ஒருபோதும் தொடவிடாதீர்கள். சிடிஐ காலி.

ரிலேயின் பொதுக் காலை (30) கறுப்பு-வெள்ளை ஒயரோடும், ரிலேவுக்குக் கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் காலை (87ஏ) எர்த்தோடும் சேருங்கள். காயிலின் ஒரு முனைக்கு (85) எர்த். மறு முனைக்கு (86) ஆர்எஃப்ஐடி போர்டின் ரிலே வழியாக 12 வோல்ட். இந்த 12 வோல்ட்டையும் போர்டின் சப்ளையையும் சாவிக்குப் பின் வரும் கறுப்பு ஒயரிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுங்கள். காயிலுக்குக் குறுக்கே டயோடு ஒன்று, வெள்ளிக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி. இது இல்லாவிட்டால் காயில் அணையும்போது வரும் எதிர் வோல்டேஜ் போர்டை மெல்லமெல்லக் கெடுக்கும்.

போர்டை “டாகிள்” நிலையில் (டேக்கை ஒருமுறை காட்டினால் ஆன், மறுமுறை காட்டினால் ஆஃப்) செட் செய்யுங்கள். “பல்ஸ்” நிலையில் விட்டால் அரை நொடி திறந்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும், இஞ்சின் பிடிக்கவே பிடிக்காது.

இனி, சாவி ஆஃபில் போர்டுக்குக் கரண்டே இல்லை. ரிலே மூடி, ஸ்பார்க் எர்த்தில் இருக்கும். சாவி ஆன், டேக் காட்டினால் ரிலே திறக்கும், கிக்கர் அடிக்கலாம். சாவியை ஆஃப் செய்ததும் எல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும். யாராவது சாவி சுவிட்சின் கப்ளரைப் பிடுங்கினால் போர்டுக்கு வரும் கரண்டும் சேர்ந்து போய்விடுவதால் பூட்டு பூட்டாகவே நிற்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. கறுப்பு-வெள்ளை ஒயரில் உங்கள் இணைப்பு சாவி சுவிட்ச் பக்கம் இருக்கக் கூடாது, சிடிஐ பக்கம் இருக்க வேண்டும். சிடிஐ கப்ளரிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் சேருங்கள். ஹெட்லைட் கூண்டுக்குள் வசதியாக இருக்கிறதே என்று அங்கே சேர்த்தால், கப்ளரைக் கழற்றும்போது உங்கள் பூட்டும் சேர்ந்தே கழன்றுவிடும். கடையில் போட்டுத் தரும் கட்-ஆஃப் சுவிட்சுகளில் அடிக்கடி பார்க்கும் தவறு இது.

ஒயரை எப்படி மறைப்பது

வண்டியைக் குடைபவர் கண்ணுக்கு முதலில் படுவது புது டேப்பும் பளிச்சென்ற ஒயரும்தான். பழைய ஒயரிங் கூட்டத்தின் ஸ்லீவைப் பிளந்து, உங்கள் கறுப்பு ஒயரை உள்ளே சேர்த்து, பசையில்லாத பிவிசி டேப்பால் முழு நீளத்துக்கும் சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் சுற்றினால் அதுவே கைகாட்டியாகிவிடும். இணைப்புகளை சால்டர் மட்டும் வைத்து விடாதீர்கள். நூறு சிசி வண்டியின் அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில் ஒயர் இழை இழையாக ஒடியும். கிரிம்ப் செய்து, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். போர்டையும் ரிலேயையும் ஃபோமில் சுற்றி டேங்குக்கு அடியில் ஃப்ரேமோடு கட்டுங்கள். சிலிண்டர் ஹெட்டின் சூடு படாத, தண்ணீர் தேங்காத இடமாக இருக்கட்டும். ஒயர் போர்டுக்குள் நுழையும் பக்கம் கீழ்நோக்கி இருந்தால் மழைத் தண்ணீர் ஒயர் வழியே உள்ளே இறங்காது.

ரீடரின் ஆன்டெனா காயில் இரும்புக்கு மேல் ஒட்டினால் டேக்கைப் படிக்காது. சைடு பேனல், ஹெட்லைட் வைசர் என்று பிளாஸ்டிக் இருக்கும் இடத்தின் உட்புறம் ஒட்டுங்கள். பின்னால் ஃப்ரேம் இருந்தால் குறைந்தது ஒரு அங்குலம் தள்ளி வையுங்கள். படிக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான். பூட்டுக்கு அது நல்லதே.

சாவியே வேண்டாம் என்றால்

முழுக்கச் சாவி இல்லாமல் செய்ய இரண்டு வேலை ஒரே சமயத்தில் நடக்க வேண்டும்: சிவப்பும் கறுப்பும் சேர வேண்டும் (ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட்டுக்கு), கறுப்பு-வெள்ளை எர்த்தை விட்டு விலக வேண்டும். அதற்கு இரட்டைப் போல் ரிலே (ஒரே காயிலால் இரண்டு தனித்தனி இணைப்புகளை மாற்றுவது) வேண்டும். கார் ரிலே இரண்டு போடுவது சரியல்ல: அதன் கான்டாக்ட் 250 வோல்ட்டுக்கானதல்ல, ஒவ்வொன்றின் காயிலும் 140 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். ஸ்ப்ளெண்டரின் ஐடிலிங் சார்ஜிங்குக்கு அது சுமை. 250 வோல்ட் தாங்கும் சின்ன இரட்டைப் போல் ரிலே 50 மில்லிஆம்பியருக்குள் முடித்துவிடும்.

பெரிய பிரச்சினை, நிற்கும்போது போகும் கரண்ட். கிக்கர் ஸ்ப்ளெண்டரின் பேட்டரி 12 வோல்ட் 2.5 ஆம்பியர்-ஹவர். ரீடர் எப்போதும் விழித்திருந்து 30 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-ஹவர் போகும். மூன்றரை நாளில் புது பேட்டரியே படுத்துவிடும், பழையது இரண்டு நாள் தாங்காது. ஊருக்குப் போய்த் திரும்பினால் வண்டி திறக்காது.

வழி இருக்கிறது. மறைவான இடத்தில், அழுத்தினால் மட்டும் சேரும் புஷ் பட்டன் ஒன்றை வையுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், பட்டன், டயோடு வழியாகப் போர்டுக்கு சப்ளை. ரிலேக்குப் பின் உள்ள கறுப்பு ஒயரிலிருந்து இன்னொரு டயோடு வழியாகவும் அதே சப்ளை. பட்டனை அழுத்திக்கொண்டு டேக்கைக் காட்டினால் ரிலே சேரும், கறுப்பு ஒயர் உயிர் பெற்று போர்டைத் தானே தாங்கும், பட்டனை விட்டுவிடலாம். மறுபடி டேக்கைக் காட்டினால் எல்லாம் அணைந்துவிடும். நிற்கும்போது இழுப்பு பூஜ்யம், தேடுபவருக்கு ஒரு தடை கூடுதல்.

செல்ஃப் ஸ்டார்ட் வண்டியில் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும் நொடியில் பேட்டரி வோல்டேஜ் இறங்கும். போர்டு ரீசெட் ஆகி, இஞ்சின் பிடிக்கும் முன்பே ஸ்பார்க் நின்றுவிடும். பல பேர் கிட்டைக் குறை சொல்லிக் கழற்றிவிடுவது இந்த இடத்தில்தான். போர்டின் சப்ளைக் கால்களுக்குக் குறுக்கே அந்த 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை, அதற்கு முன்னால் தனியாக ஒரு டயோடு வைத்துப் போட்டால் சரியாகும். ரிலே காயிலின் சப்ளையை அந்த டயோடுக்கு முன்னாலிருந்து எடுங்கள். காயில் இழுத்தால் கெப்பாசிட்டர் காலியாகிவிடும்.

ஹேண்டில் லாக் தனிச் சாவியில் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். டேக் கிட் ஹேண்டிலைப் பூட்டாது. ஹேண்டில் திரும்பும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே தள்ளிக்கொண்டு போகலாம்.

ஓடும் வண்டி நிற்கக் கூடாது

பேட்டரி இல்லாமலே ஓடக்கூடிய வண்டியை நாம் இப்போது பேட்டரியை நம்ப வைத்திருக்கிறோம். மழையில் இண்டிகேட்டர் ஒயர் ஷார்ட் ஆகி மெயின் ஃபியூஸ் போனால், ரிலே விழுந்து, லாரிக்கு முன்னால் இஞ்சின் நிற்கும். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேட்டரி முனைகள் இறுக்கமாக இருக்கட்டும். நடுத்தர வேகத்தில் இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.8 வோல்ட் வரை வருகிறதா என்று பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றிவிட்டுத்தான் போர்டைப் போட வேண்டும். ரிலேயிலிருந்து கறுப்பு-வெள்ளை ஒயருக்குப் போகும் இணைப்பில் ஒரு ஒற்றை புல்லட் கனெக்டரை (இழுத்தால் கழலும் ஒயர் இணைப்பு) வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். வழியில் போர்டு செத்தால் அதைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியே இல்லாமல் கிக்கரில் வீடு வந்து சேரலாம்.

ரிமோட் அலாரம் கிட், ஜிபிஎஸ் டிராக்கர் ஆகியவற்றோடு வரும் “இஞ்சின் கட்” ஒயரை ஓடும் வண்டியை நிறுத்தும்படி இணைக்காதீர்கள். திருடனாகவே இருந்தாலும் நடுரோட்டில் நிற்கும் வண்டி பின்னால் வருபவரைச் சாய்க்கும்.

எந்த வகை டேக்?

125 கிலோஹெர்ட்ஸ் டேக்கை நகல் எடுக்கலாம். ஆனால் எடுப்பவர் உங்கள் டேக்குக்கு மிக அருகில் வர வேண்டும். பழைய வண்டிக்கு இது போதும். 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் ஒவ்வொரு முறையும் கோட் மாறும் வகையை மட்டும் வாங்குங்கள், கோட் மாறாத வகையின் சிக்னலைத் திருடன் பதிவு செய்து, மறுபடி அனுப்பித் திறந்துவிடலாம். புளூடூத் போர்டு என்றால் முதல் வேலையாக 1234 என்று வரும் பின்னை மாற்றுங்கள். பையில் இருந்தாலே திறக்கும் கிட்டில் ஒரு சிக்கல்: வாசல் சுவரை ஒட்டி வண்டி, சுவருக்கு அந்தப் பக்கம் ஆணியில் ரிமோட் என்றால், இரவு முழுக்க வண்டி திறந்தே கிடக்கும்.

பாயிண்ட் புல்லட், டிசி சிடிஐ

இங்கே இக்னிஷன் காயிலுக்கு (டிசி சிடிஐ என்றால் சிடிஐ பெட்டிக்கு) போகும் 12 வோல்ட் ஒயரை வெட்டி, சாதாரண கார் ரிலேயின் 30, 87 கால்களுக்கு இடையே சேர்த்தால் போதும். பாயிண்ட் மூடியிருக்கும்போது இக்னிஷன் காயில் 4 ஆம்பியர் வரை இழுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டுப் பூட்டை ஆனிலேயே மறந்தால் காயில் சூடேறி, பேட்டரியும் இறங்கிவிடும். ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை எல்இடி கட்டாயம்.

மின்சாரம் இல்லாத பூட்டுகள்

டிரம் பிரேக் வண்டியில் டிஸ்க் லாக் போட முடியாது. பின் சக்கரத்தையும் ஃப்ரேமையும் சேர்த்து, தரையில் படாத உயரத்தில் செயின் போடுங்கள். தரையில் கிடக்கும் செயினை சுத்தியலால் உடைப்பது எளிது. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே சாவியோடு கூடிய பெட்ரோல் லாக் போட்டால், கார்புரேட்டர் கிண்ணத்தில் மீதமிருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் வண்டி கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். ஓனருக்கும் அது பொருந்தும், திறக்காமல் கிளம்பாதீர்கள்.

லாக் செட் மாற்றினால் பில்லையும் பழைய இரண்டு சாவிகளையும் ஒரே கவரில் வையுங்கள். திருட்டு கிளெய்மில் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பணம் வராது. பழைய வண்டிதானே என்று பலர் அதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள், புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் துடைத்து, தெளிவாகப் படமெடுத்து, ஆர்சியின் நகலோடு போனுக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள்.