ஹொக்கைடோ பனிமலைப் பயணம்: கட்டுப்படியாகும் விலையில் நாற்சக்கர இயக்கக் காரைத் தேர்ந்தெடுக்கும் முறை

சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழுக்குப் பணம் கட்டி நாற்சக்கர இயக்கக் கார் வாங்க வேண்டிய தேவை சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஹொக்கைடோ செல்லும் அந்த ஒரு வாரத்திற்குத்தான் அது வேண்டியிருக்கிறது. எனவே இந்த விளக்கம் வாடகைக் காரைப் பற்றியது. ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிங்கப்பூர் வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை எடுத்துவிட்டீர்கள் என்றும், ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதை அறிவீர்கள் என்றும் கொண்டு நேரே விஷயத்திற்கு வருகிறேன்.

படி 1: கார் வேண்டாத நாள்களைக் கழியுங்கள்

செலவைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை. சப்போரோ நகருக்குள் சுரங்க ரயில் இருக்கிறது. அங்கே கார் வைத்திருந்தால் நிறுத்துமிடக் கட்டணம்தான் ஏறும். சப்போரோவிலிருந்து அசஹிகாவாவுக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சென்றுவிடலாம். பியேய், ஃபுரானோ பக்கம் போகிறவர்கள் அசஹிகாவாவில் காரை எடுத்தால், வாடகையில் இரண்டு மூன்று நாள்கள் மிச்சமாகும். விமானத்திலிருந்து இறங்கிய களைப்போடு பனிச்சாலையில் ஓட்ட வேண்டிய கட்டாயமும் நீங்கும்.

படி 2: நாற்சக்கர இயக்கம் என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்

நான் தவறிய இடம் இதுதான். முதல் பயணத்தின்போது முன்பதிவுப் பக்கத்தில் உயரமான எஸ்யுவி காரின் படத்தைப் பார்த்தேன். பனியில் நிற்கும் படம் வேறு. எஸ்யுவி என்றாலே நான்கு சக்கரங்களும் இயங்கும் என்று எண்ணிப் பணத்தைக் கட்டிவிட்டேன். ஃபுரானோ அருகே நாங்கள் தங்கவிருந்த விடுதி ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. பாதி மேட்டில் கார் நின்றுவிட்டது. முன்சக்கரங்கள் சுழலச் சுழல அவற்றின் அடியிலிருந்த பனி உருகி, கண்ணாடிபோல் இறுகியது. பின்சக்கரங்கள் அசையவே இல்லை. மனைவியும் மாமனாரும் இறங்கித் தள்ள முயன்றபோது கார் ஒரு முழம் பின்னோக்கி வழுக்கியது. மாமனார் விலகி நிற்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். சறுக்கும் காரைத் தள்ளுவதற்காக யாரையும் அதன் பின்னால் நிற்க விடாதீர்கள்.

கீழே இறங்கி வந்த விடுதிக்காரர், கைவிளக்கைக் காரின் பின்பக்கத்து அடியில் பிடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டு அங்கே இல்லை. பிறகு என் முன்பதிவுத் தாளை வாங்கி, அதிலிருந்த "2டபிள்யூடி" (இரண்டு சக்கரங்கள் மட்டும் இயங்கும் வகை) என்ற எழுத்துகளின்மேல் விரலை வைத்தார்.

ஜப்பானில் ஒரே காரை இருசக்கர இயக்கத்திலும் நாற்சக்கர இயக்கத்திலும் விற்கிறார்கள். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. ஆகவே தேடும்போதே "4டபிள்யூடி" என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலிலும் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். "எஃப்எஃப்" என்றிருந்தால் அது முன்சக்கர இயக்கம் மட்டுமே. மின்னஞ்சலில் எதுவும் இல்லாவிட்டால் எழுதிக் கேட்டு, பதிலை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

படி 3: எந்த வகை உங்களுக்குப் போதும்?

மூன்று நான்கு பேர் செல்வதாக இருந்தால் நான் பரிந்துரைப்பது நாற்சக்கர இயக்கமுள்ள சிறிய கார்தான். சுபாரு இம்ப்ரெஸா போன்ற கார்களின் நாற்சக்கர வகையில் எந்நேரமும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். வளைவுகளில் அதன் நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட்டின் நாற்சக்கர வகையில் பின்சக்கரங்களுக்குத் தனியே ஒரு சிறு மின்மோட்டார் உண்டு. முக்கியமாகக் கார் நகரத் தொடங்கும்போது உந்தித் தருவதற்காக அமைந்தது அது. பனி அகற்றப்பட்ட சாலைகளில் செல்லும் குடும்பத்துக்கு அந்த உந்துதலே போதும், எரிபொருளும் மிச்சம்.

ஜப்பானின் மிகச் சிறிய கார் வகையான, மஞ்சள் எண்தகடு கொண்ட 660 சிசி கேய் கார்கள் மலிவானவை. அவற்றிலும் நாற்சக்கர இயக்கம் கிடைக்கும். ஆனால் அவற்றில் நான்கு பேர்தான் அமர முடியும். நான்கு பேர் ஏறிய பிறகு பெரிய பெட்டி ஒன்றுக்குக்கூட இடமிருக்காது. சுஸுக்கி ஜிம்னியின் தோற்றத்தில் மயங்குகிறவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதில் நாற்சக்கர இயக்கத்தை ஓட்டுநரே நெம்புகோலால் மாற்ற வேண்டும். பனியில்லாத தார்ச்சாலையில் அதே நிலையில் ஓட்டிக் கூர்மையாகத் திரும்பினால் வண்டி இழுத்துப் பிடிக்கும். முதன்முறை பனியில் ஓட்டுகிறவருக்கு அந்தக் கூடுதல் கவலை வேண்டியதில்லை. புதுப்பனி குவியும் ஒதுக்குப்புற விடுதிக்குப் போகிறவர்களுக்கு மட்டும், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் அடிப்பகுதி அமைந்த சுபாரு ஃபாரஸ்டர் போன்றது கூடுதல் வாடகைக்குத் தகும்.

படி 4: சாவியை வாங்குமுன் டயரைப் பாருங்கள்

நாற்சக்கர இயக்கம் மேட்டில் ஏற உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. காரை நிறுத்துவது டயரின் பிடிமானம். உராய்வுக் கணக்கின்படி, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்தபின், காய்ந்த தார்ச்சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் 25 மீட்டர் ஆகும். வழவழப்பான பனிக்கட்டியில் 60 மீட்டரைத் தாண்டிவிடும். நம் ஊர் ஒற்றைத்தட்டுப் பேருந்துகள் ஐந்தை வரிசையாக நிறுத்திய நீளம் அது. காரில் எந்த இயக்கம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஹொக்கைடோவில் குளிர்கால வாடகைக் கார்கள் ஆணியில்லாத பனி டயர்களோடுதான் வரும். ஆனால் அவை தேய்ந்திருக்கலாம். டயரின் பக்கச்சுவரில் உள்ள சிறு அம்புக்குறி காட்டும் இடத்தில் பள்ளத்துக்குள் பாருங்கள். பல் பல்லாக வெட்டிய சிறு மேடு ஒன்று தெரியும். சுற்றியுள்ள ரப்பர் அந்த மேட்டின் அளவுக்குத் தேய்ந்துவிட்டால், பனி டயர் என்ற தகுதியை அது இழந்துவிட்டது என்று பொருள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணும் இருக்கும்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகும் என்பதால் புதியதே நல்லது. இரண்டாம் பயணத்தில் நான் குந்தி அமர்ந்து நான்கு டயர்களையும் பார்த்தேன். பின்னால் ஒன்றில் ரப்பர் மேட்டைத் தொடும் நிலையில் இருந்தது. தாழ்மையாகக் கேட்டதும் வேறு கார் கொடுத்தார்கள்.

படி 5: புறப்படுமுன்

விபத்துக் காப்புறுதியோடு, கார் பழுதடைந்து நிற்கும் நாள்களுக்கு நிறுவனம் கேட்கும் இழப்பீட்டுக்கான காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனி தள்ளும் தூரிகை காரில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் வண்டி வராத நேரான சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பழகுங்கள். காலடியில் அதிர்வு தெரிந்தால் அது, சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் வேலை செய்வதன் அடையாளம். பயந்து காலை எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை

தோக்கியோவில் கார் எடுத்து நகானோ மலைப்பகுதிக்குச் செல்லவிருக்கும் வாசகர் ஒருவர், இதே முறை பொருந்துமா என்று கேட்டிருந்தார். பொருந்தும், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோக்கியோவில் கார்கள் பொதுவாகக் கோடைக்கால டயர்களோடுதான் கிடைக்கும். பனி டயரை முன்பதிவின்போதே கேட்டு, தனிக் கட்டணம் கட்ட வேண்டும். தவிர, கடும் பனிப்பொழிவின்போது குறிப்பிட்ட சில மலைச்சாலைகளில் சக்கரச் சங்கிலி இல்லாத வண்டிகளை அனுமதிப்பதில்லை என்ற விதி 2018 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. நாற்சக்கர இயக்கமும் பனி டயரும் இருந்தாலும் விலக்கு கிடையாது. அவர் ரயிலில் நகானோ நகர்வரை சென்று, அங்கே காரை எடுக்கலாம் என்பது என் கருத்து.