பழைய குரோனோகிராஃபுக்குப் புத்துயிர்: டயலில் தொடங்கினால் நேரும் தவறுகள்

1940 முதல் 60கள் வரை வந்த குரோனோகிராஃப் (நொடி எண்ணி நிறுத்தும் வசதியுள்ள கைக்கடிகாரம்) ஒன்றின் அழகில் மயங்கி, அதே சாயலில் புதிதாகச் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் டயலை வரைகிறார்கள். கோணல் அங்கேயே ஆரம்பிக்கிறது. டயலுக்குள் நிமிடத்தையும் நொடியையும் தனியாகக் காட்டும் சிறுவட்டங்கள் எங்கே உட்கார வேண்டும், நொடிக்கு எத்தனை கோடு வேண்டும் என்பதையெல்லாம் அன்று முடிவு செய்தது உள்ளே இருந்த மெஷின். எந்த மெஷின் என்று உறுதியான பிறகு, தயாரிப்பாளர் தரும் அளவு வரைபடத்திலிருந்து முள் அச்சுகளின் புள்ளிகளைக் குறித்துவிட்டுத்தான் மற்றதை வரையத் தொடங்க வேண்டும்.

பழைய சுவிஸ் மெஷினான வால்ஜூ 72-இல் சிறுவட்டங்கள் 3, 6, 9 மணி இடங்களில் இருக்கும். 1974-இல் வந்த, இன்றும் பரவலாகக் கிடைக்கிற வால்ஜூ 7750-இல் அவை 12, 6, 9-இல் இருக்கும்; 3 மணிப் பக்கம் கிழமையும் தேதியும். முதல் வகை டயலை இரண்டாவது மெஷின் மேல் வைக்கவே முடியாது. 3-6-9 அமைப்புக்காக 7753-ஐ எடுக்கலாம். ஆனால் அதில் தேதி மாற்ற 10 மணிப் பக்கம் தனியாக ஒரு சிறு பட்டன் உண்டு. கேஸ் (வெளிக்கூடு) வரைபடத்தில் அந்தத் துளையை மறந்தவர்கள் கேஸையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும். இரண்டு வட்ட வடிவமைப்புக்கு, வீனஸ் 175 என்ற பழைய சுவிஸ் மெஷினின் வழிவந்த, சீனாவின் ஸீகல் எஸ்டி19 பொருத்தமானது: சாவி கொடுக்கும் மெஷின், 9-இல் சிறு நொடிமுள், 3-இல் 30 நிமிடக் கணக்கு.

குவார்ட்ஸும் மெக்கானிக்கலும் கலந்த ஸீகோ விகே64-ஐ எடுப்பவர்கள் செய்யும் தவறு வேறு. அதன் இடது வட்டம் 60 நிமிடம் எண்ணும். வலது வட்டம் 24 மணி நேரம் காட்டும். பழைய படத்தைப் பார்த்து 30 நிமிட வட்டம் அச்சிட்டால், 10 நிமிடம் ஓடியதும் முள் 5-ஐக் காட்டி நிற்கும். டயல் பொய் சொல்கிறது என்பதுதான் அதற்குப் பொருள்.

அடுத்தது அளவு. 36 மி.மீ. கேஸை 42 ஆக்கினால் பக்கத்துக்கு 3 மி.மீ. கூடுகிறது. சிறுவட்டங்களின் மையமோ இம்மியும் நகராது, ஏனென்றால் அது மெஷினோடு கட்டுண்டது. வட்டங்கள் நடுவில் நெருங்கி, டயலுக்கு மாறுகண் வந்துவிடும். வெளி ஓரத்தில் நொடித்தடம், அளவுகோல், சாய்ந்த உள்வளையம் என்று அடுக்கி இடத்தை நிரப்பினால் ஓரளவு மறைக்கலாம்; 38 அல்லது 39-இல் நிறுத்திக்கொள்வது அதைவிட நல்லது. வடிவத்தை அப்படியே பெரிதாக்கும்போது அச்சுக்கோடுகளும் தடிக்கும் என்பதால் அவற்றைத் தனியாக மெலிதாக்க வேண்டும். வரைந்ததை அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு, வெட்டி, கையில் வைத்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது எல்லா டயலும் அழகுதான்.

அதிகம் பேர் கவனிக்காத தவறு நொடிக்கோடுகளில் இருக்கிறது. பழைய மெஷின்கள் மணிக்கு 18,000 அதிர்வில் ஓடின. அதாவது நொடிக்கு 5 துடிப்பு. அதனால்தான் டயலில் நொடிக்கு 5 பிரிவு. 7750 மணிக்கு 28,800, நொடிக்கு 8. அதன் மேல் 5 பிரிவுத் தடத்தை வைத்தால் முள் பெரும்பாலும் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கும். அங்கே 4 பிரிவு போடுங்கள். 21,600-இல் ஓடும் எஸ்டி19-க்கு 3 பிரிவு. வேடிக்கை என்னவென்றால், விகே64-இன் நடு முள் நொடிக்கு 5 அடி வைப்பதால், பழைய தடம் சரியாகப் பொருந்துவது அந்த குவார்ட்ஸ் மெஷினில்தான்.

வேகம் காட்டும் டாக்கிமீட்டர் அளவுகோலை அலங்காரமாக நினைத்துச் சுழற்றி வைப்பவர்களும் உண்டு. கணக்கு எளிது: 3600-ஐ, ஒரு கிலோமீட்டர் கடக்க ஆன நொடிகளால் வகுக்க வேண்டும். 15 நொடியில் 240, 30-இல் 120, 45-இல் 80, 60-இல் 60. இந்த நான்கும் சரியாக விழுந்தால் மற்றவையும் பெரும்பாலும் விழும். நத்தைச் சுருள் போல உள்ளே சுற்றும் அளவுகோலில் இரண்டாம் சுற்று 30-இலும் மூன்றாம் சுற்று 20-இலும் முடிய வேண்டும். ஒலியைக் கொண்டு தூரம் அளக்கும் டெலிமீட்டரில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 2.9 நொடி, ஒரு முழுச் சுற்று 20 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நாடித்துடிப்பு அளவுகோல் 15 துடிப்புக்கா 30 துடிப்புக்கா என்று டயலில் எழுதியே ஆக வேண்டும். 15-க்கான கோடுகளின் மேல் 30 என்று அச்சிட்டால் எல்லா அளவும் பாதியாகத் தெரியும்.

நடு முள்ளின் நுனி நொடித்தடத்தைத் தொட வேண்டும். கைக்குக் கிடைத்த குட்டை முள்ளைப் போட்டால் மொத்த உழைப்பும் மலிவாகத் தெரியும். அதற்காக நீளமும் கனமுமான முள்ளைப் போட்டால் இன்னொரு சிக்கல்: பூஜ்யத்துக்குத் திருப்பும்போது மெஷினுக்குள் இருக்கும் சிறு சுத்தியல் ஒரே அடியில் அதைத் திருப்புகிறது, கனமான முள் அச்சில் வழுகி, நாளடைவில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கப் பழகிவிடும். மெல்லியதாக, வால்பக்கம் சமன் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

ஒளிர் பூச்சின் நிறத்தைப் பழைய டயலில் ஒப்பிட்டுப் பாருங்கள், சுரண்டிப் பார்க்காதீர்கள். 1960களுக்கு முந்தைய பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஒளிர்வது நின்றுபோனது ஒளி தரும் துத்தநாக சல்ஃபைடு தேய்ந்ததால்தான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அந்தத் தூள் மூக்கில் போகக் கூடாது. நிறத்துக்கு நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் போதும். புதிய பூச்சில் இளம் பழுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முள்ளுக்கும் எண்ணுக்கும் ஒரே கலவையிலிருந்து பூசச் சொல்லுங்கள். பொய்யாகக் கறை படிய வைப்பது வேண்டாம். அது ஆறு மாதத்தில் சலித்துவிடும்.

தடிமனை யாரும் முதலில் கேட்பதில்லை. 7750 மட்டுமே 7.9 மி.மீ. உயரம். மேலே டயல், மூன்று அடுக்கு முள், உப்பிய கண்ணாடி, கீழே மூடி எல்லாம் சேர்ந்தால் 13, 14 மி.மீ.க்கு எளிதில் போய்விடும். சாதா ஆட்டோமேட்டிக் மேல் குரோனோகிராஃப் பலகை பொருத்திய மெஷின்களில் கிரவுனும் (பக்கத் திருகு) பட்டன்களும் ஒரே மட்டத்தில் இருக்காது. பக்கவாட்டில் பார்த்தால் பழைய வடிவம் அங்கேயே கலைந்துவிடும்.

பெயர் விஷயமும் இருக்கிறது. வடிவமைப்புப் பதிவுக்குக் கால வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகபட்சம் 25 ஆண்டு. வணிகப் பெயரை அப்படியல்லாமல் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மூடிவிட்ட நிறுவனத்தின் பெயரை வேறு யாரோ வைத்திருக்கக்கூடும். டயல் அச்சுக்குப் போகும் முன் தேடிப் பாருங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பின்மூடியில் செய்த ஆண்டையும் வரிசை எண்ணையும் ஆழமாகப் பொறித்துவிடுங்கள். இருபது ஆண்டு கழித்து யாராவது அதை அசல் என்று விற்க முயன்றால் அந்த எழுத்து காட்டிக்கொடுக்கும்.