டிக்கால் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் பெத்தேன் மழைக்காட்டுக்குள் இருக்கிறது டிக்கால். மாயர் என்ற பழங்குடி மக்கள் கட்டிய பழைய நகரம் அது. அங்கே போகிற பலர் செய்யும் பெரிய தவறு, நேரத்தைக் குறைத்து ஒதுக்குவது. ஃப்ளோரெஸ் ஊரிலிருந்து வண்டியில் ஒன்றரை மணி நேரம்தானே என்று சாவகாசமாகக் கிளம்பி, உச்சி வெயிலில் போய்ச் சேர்கிறார்கள். பெரிய சதுக்கத்தில் நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்தத் தேசியப் பூங்காவின் பரப்பு 576 சதுர கிலோமீட்டர். கோயில்களுக்கு நடுவே காட்டுப் பாதையில் நிறைய நடக்க வேண்டும். முடிந்தால் நுழைவாயில் அருகே உள்ள விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். விடியற்காலையில் ஊளைக்குரங்குகளின் கர்ஜனை காடு முழுக்கக் கேட்கும். புதிதாய்க் கேட்பவர்கள் ஏதோ புலி என்றே நினைத்துப் பயப்படுவார்கள். வெயில் ஏறினால் விலங்குகளும் பறவைகளும் ஒதுங்கிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். டிக்காலில் ஆறு கிடையாது. மாயர்களே மழைநீரைக் குளங்களில் தேக்கித்தான் அந்த மாநகரத்தை நடத்தினார்கள். ஒரு குளத்து நீரைச் சியோலைட் என்ற கனிமத்தைக் கொண்டு வடிகட்டியதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனக்கு அங்குள்ள கோபுரங்களைவிட இதுதான் பெரிய வியப்பு. சரி, நீங்கள் உள்ளே போகும்போதே போதுமான தண்ணீரைச் சுமந்துகொண்டு போங்கள்.

செருப்போடு போவதும் அரைக்கால் சட்டை போடுவதும் வேண்டாம். கொசுவும் உண்ணியும் விடாது. மழை பெய்தால் சுண்ணாம்புக்கல் படிகள் பாசி பிடித்து வழுக்கும். முதலாம் கோயிலில் ஏற அனுமதி இல்லை. சுமார் 65 மீட்டர் உயரமுள்ள நான்காம் கோயிலுக்குப் பக்கவாட்டில் மரப்படி போட்டிருக்கிறார்கள், அதில் ஏறுங்கள். கயிறு கட்டி மறித்த இடத்தில் கால் வைத்தால் மிருதுவான அந்தக் கல் தேய்ந்துபோகும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்புறம், "மாயர்கள் மாயமாய் மறைந்துவிட்டார்கள்" என்று பேசுவது. நகரம் 9ஆம் நூற்றாண்டுக்குப் பின் கைவிடப்பட்டது உண்மைதான். ஆனால் இன்றைய ஃப்ளோரெஸ் இருக்கும் அதே தீவில் இட்சா என்ற மாயர் பிரிவினரின் அரசு 1697 வரை நின்றது. இன்றும் குவாத்தமாலாவில் லட்சக்கணக்கான மாயர்கள் தங்கள் மொழிகளைப் பேசி வாழ்கிறார்கள். டிக்கால் சதுக்கத்தில் சில நாள் அவர்கள் தீ மூட்டி, கோபல் என்ற மரப்பிசினைச் சாம்பிராணிபோலப் புகைய விட்டு வழிபடுவதைப் பார்க்கலாம். அப்போது கேட்காமல் படம் எடுக்காதீர்கள், தள்ளி நின்று வழி விடுங்கள்.